தகடு எடுக்க வந்தவர்கள்

2018 ஆடி மாதம் மலையில் மழை விடவே இல்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி இடுக்கியில் செறுதோணி மதகை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் ஏலமலையில் எவ்வளவு பெய்திருக்கும் என்பதை இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் போடிக்காரர்கள் பலருக்கு அந்த வருஷம் சரத்தில் காய் நிற்கவில்லை. அழுகல் நோய். பச்சைக்காய் நிறம் மங்கி, கொழகொழத்து, நாற்றமெடுத்து, தொட்ட கையோடு உதிர்ந்தது. நான் எழுதப்போகும் வழக்கு அந்த மழையில்தான் தொடங்குகிறது.

அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. இடுக்கி மாவட்டம் வண்ணப்புரம் அருகே கம்பகக்கானம் என்ற இடத்தில் கணவன், மனைவி, மகள், மகன் என்று ஒரு குடும்பமே கொல்லப்பட்டு வீட்டுக்குப் பின்னால் குழியில் புதைக்கப்பட்டிருந்தது. கொலை நடந்தது ஜூலை 29 இரவு. உடல்களைக் கண்டெடுத்தது ஆகஸ்ட் 1. அக்கம்பக்கத்தோடு அதிகம் ஒட்டாத குடும்பம் என்பதால் இடைப்பட்ட நாட்களில் யாரும் தேடவில்லை. குடும்பத் தலைவர் மாந்திரீகம் செய்பவர் என்று பேச்சு. குருவைக் கொன்றால் அவருடைய சக்தி தனக்கு வந்துவிடும் என்று உடனிருந்த சீடன் நம்பினான், அதனால் கூட்டாளியோடு சேர்ந்து இதைச் செய்தான் என்பது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பெரிய வேதனை அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான். ஆனால் போடியில் டீக்கடைப் பேச்சு வேறு திசையில் போனது. "அப்ப அந்தச் சக்தி இருக்கிறது நெசந்தான். இல்லாட்டி அதுக்காகக் கொல்லுவாய்ங்களா?" என்றார்கள். நான்கு உயிர் போனதற்கு மூடநம்பிக்கை காரணம் என்று சொல்ல வேண்டிய செய்தி, அந்த மூடநம்பிக்கைக்கே சாட்சியாக மாறியது.

மலையாள மாந்திரீகம் என்றால் நம் பக்கத்தில் ஒரு பயம் எப்போதும் உண்டு. அது வெறும் வாய்ப்பேச்சில் மட்டும் வளர்ந்ததல்ல. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் எழுதித் தொகுத்த ஐதீகமாலையில் காலடி, கல்லூர் போன்ற மனைகளின் மந்திரக் கதைகள் இருக்கின்றன. ஒரு குடும்பம், அதற்குள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் ரகசியம், அதனால் அடங்கி நிற்கும் பூதமும் யட்சியும் என்பதுதான் அந்தக் கதைகளின் வார்ப்பு. தினமும் விடியும் முன்னே ஜீப்பில் மலையேறிப் பொழுது சாய இறங்கும் தொழிலாளிகளோடு இந்தக் கதைகளும் ஏறி இறங்குகின்றன. கதையாக இருக்கும்வரை அதில் கெடுதல் இல்லை. அந்த வார்ப்புக்குள் நம் தெருவில் வாழும் ஒரு குடும்பத்தைத் தூக்கிப் போட்டால்தான் விபரீதம்.

என் கட்சிக்காரர் அப்படித் தூக்கிப் போடப்பட்ட குடும்பம். போடியில் வீடு, மேலே சில ஏக்கர் ஏலத்தோட்டம். அதிகம் பேச மாட்டார்கள். கல்யாணம் காட்சியெல்லாம் சொந்தத்துக்குள்ளேயே. தோட்டத்து மேட்டில் ஒரு கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டி எலுமிச்சை வைத்திருந்தார்கள். காவல் தெய்வத்துக்கு இதைச் செய்யாத தோட்டம் மலையில் அபூர்வம். ராத்திரி முழுக்க அவர்கள் ஸ்டோரில் நெருப்பு எரிந்தது. ஏலக்காய் ஸ்டோரில் பச்சைக்காயைக் காய வைக்க ஒரு பகலும் ஓர் இரவும் அணையாமல் சூடு கொடுக்க வேண்டும். அதை ஹோமம் என்று யாரோ இறக்கிக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, போடி வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியே இருந்தது. தெருவில் ஒருவரும் அதற்குள் போனதில்லை.

இவை அத்தனையும் உண்மை. ஒன்றையும் யாரும் இட்டுக்கட்டவில்லை. இந்தத் துண்டுகளைக் கோத்த நூல் மட்டும்தான் பொய்.

2018இல் அவர்கள் தோட்டத்தில் காய் பெருமளவு நின்றது. மறுவருஷம் விளைச்சல் குறைந்து விலை ஏறியது. ஆயிரத்துச் சொச்சத்தில் இருந்த ஏலக்காய் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. கையில் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் வருஷம். செடியைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த விலையே தினமும் ஒரு குத்து. அந்த ஆவணியில் ஒரு ராத்திரி, மண்வெட்டி கடப்பாரையோடு ஒரு கூட்டம் கேட்டைத் தள்ளிக்கொண்டு வீட்டு வளாகத்துக்குள் நுழைந்தது. செய்வினைத் தகடு புதைத்திருக்கிறீர்கள், எடுக்க வந்திருக்கிறோம் என்றார்கள். கல் விழுந்தது, ஓடு உடைந்தது. தொழுவத்தின் மூலையைத் தோண்டி ஒரு செப்புத் தகட்டையும் எடுத்துத் தூக்கிக் காட்டினார்கள்.

இரண்டு வழக்குகள் நடந்தன. ஒன்று போலீஸ் போட்டது: இந்திய தண்டனைச் சட்டம் 147, 448, 427. அதில் நான் அரசு வழக்கறிஞருக்குத் துணையாக மட்டுமே நிற்க முடியும். மற்றது, வீட்டின் மூத்த அம்மாள் தன் பெயரில் கொடுத்த அவதூறுத் தனிப்புகார், பிரிவு 500. அதை முழுக்க நான் நடத்தினேன்.

போலீஸ் வழக்கு சாட்சிகளிடமே படுத்துவிட்டது. அன்று ராத்திரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிறழ் சாட்சி ஆனார்கள். எதிரிகள் மிரட்டினார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. வராந்தாவில் ஒரு பெண், சம்மனைக் கையில் மடித்துப் பிடித்தபடி என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "வக்கீலய்யா, அந்த ஆத்தா பேரைச் சொல்லாம சாட்சி சொல்ல முடியுமா? பேரைச் சொன்னா அது நம்மகூடவே வந்துரும்ங்குறாக." அவள் கூட்டத்துக்குப் பயப்படவில்லை. தன் சாட்சியம் யாருக்கு உதவுமோ அந்தக் கிழவிக்குப் பயந்தாள். வதந்தி ஒரு குடும்பத்தைத் தாக்குவதோடு நிற்பதில்லை, அந்தக் குடும்பத்துக்காகப் பேச வேண்டிய வாய்களையும் முன்கூட்டியே கட்டிவிடுகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

அதே வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் பிரிவு 79ஐ எடுத்தார். பொருண்மைப் பிழையால், தாங்கள் செய்வது நியாயம் என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்தால் குற்றமில்லை என்கிற பிரிவு. நல்ல படிப்பாளி அவர். 1926இல் லாகூர் உயர் நீதிமன்றத்தின் வர்யாம் சிங் வழக்கைக் காட்டினார். பேய் என்று நினைத்து மனிதனை அடித்துக் கொன்றவர் விடுவிக்கப்பட்ட வழக்கு அது. ஒரிசாவின் ராம் பகதூர் தாபா வழக்கையும் காட்டினார். பாலசோர் பக்கம் ரஸ்கோவிந்த்பூரில் கைவிடப்பட்ட விமானதளத்தில் 1958இல் நள்ளிரவு, விளக்கொளியைப் பேய் என்று நம்பிக் குக்கிரியோடு பாய்ந்த நேபாளி வேலைக்காரர், அங்கே இருந்த பழங்குடிப் பெண்களை வெட்டினார். ஒரு பெண் இறந்துபோனார். அவரும் விடுதலையானார். எழுத்துமூல வாதத்தில் நான் காட்டியது ஒரே வேறுபாடு. அந்த இருவருக்கும் யோசிக்க ஒரு நிமிஷம்கூட இல்லை. இங்கே குறி கேட்டு, ஆள் சேர்த்து, நாள் குறித்து, கடப்பாரை எடுத்து வந்திருக்கிறார்கள். தக்க கவனமின்றி நம்பியது நல்லெண்ணம் ஆகாது என்று பிரிவு 52 சொல்கிறது. வாதம் ஏற்கப்பட்டதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சாட்சி இல்லாததால் விடுதலை.

மிச்சமிருந்தது அவதூறு வழக்கு. அதில் முக்கியமான ஆவணம் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு. எழுத்து வடிவமும், மின்னணுச் சான்றுக்குச் சாட்சியச் சட்டம் கேட்கும் 65பி சான்றிதழும் சேர்த்துத் தாக்கல் செய்தோம். நாங்கள் சாட்சி விசாரணைக்குப் போவதற்குள் 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு வந்து அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. பேசியவர் இரண்டாம் எதிரி, செல்போன் பழுது பார்க்கும் இளைஞர். உலகத்தையே பதிமூன்று குடும்பங்கள் ஆள்கின்றன, இலுமினாட்டி என்று பெயர், சாத்தானைக் கும்பிடுகிறார்கள், அதன் சின்ன கிளை நம் தெருவிலேயே இருக்கிறது என்று சொல்லி வீட்டு அடையாளத்தையும் சொல்லியிருந்தார். தாத்தா காலத்துக் குட்டிச்சாத்தானும் யூடியூப் காலத்து இலுமினாட்டியும் ஒரே மூச்சில்.

அந்தப் பதிவுக்காகவே நான் இந்த வரலாற்றைப் படித்தேன். இலுமினாட்டி என்ற சங்கம் நிஜமாகவே இருந்தது. ஜெர்மனியின் பவேரியாவில், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் சட்டம் போதித்த ஆடம் வைஸ்ஹாப்ட் 1776 மே 1 அன்று அதைத் தொடங்கினார். பத்தாண்டு முடிவதற்குள் அரசு ஆணைகளால் ஒடுக்கப்பட்டுக் கலைந்துபோயிற்று. செத்த சங்கத்துக்கு உயிர் கொடுத்தவை 1797இல் வந்த இரண்டு புத்தகங்கள். பாருவெல் என்ற பாதிரியாரும் ராபிசன் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியரும், பிரெஞ்சுப் புரட்சியே ரகசியச் சங்கங்களின் சதி என்று எழுதினார்கள். பிரான்சில் கஜானா காலி, 1788இல் விளைச்சல் பொய்த்தது, ரொட்டி விலை ஏறியது. இத்தனை காரணங்களையும் கூட்டிப் பார்ப்பது கடினம். ஒரு முகத்தைக் காட்டி இவன்தான் என்பது எளிது. பொய்த்த விளைச்சலும் ஏறிய விலையும் போடியிலும் இருந்தன, முகம் மட்டும்தான் வேண்டியிருந்தது.

முதல் எதிரி ஒரு தோட்டக்காரர். எழுதிக் கொடுத்துவிட்டு, தானே கூண்டேறித் தனக்காகச் சாட்சி சொன்னார். அவரைப் பற்றி நான் மரியாதையோடுதான் எழுதுவேன். பொய் சொல்லவில்லை. கடன் வாங்கி வைத்த செடி மொத்தமும் போயிருந்தது. குறுக்கு விசாரணையில் என்னையே திருப்பிக் கேட்டார்: "மருந்து எல்லாருந்தான் அடிச்சோம். அவுகளுக்கு மட்டும் எப்படிய்யா காய் நின்னுச்சு?"

கேள்வி கேட்கச் சாட்சிக்கு உரிமையில்லை என்று நடுவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பதிலைக் கேள்விகளாகவே போட்டேன். துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை முதலில் எப்போது அடித்தீர்கள்? மழை இறங்கியதும். மழைக்கு முன்னால் அடிக்கவில்லையா? ஆள் கிடைக்கவில்லை, பணமும் இல்லை. இரண்டாவது தடவை? மழை விடவில்லை. காய்ந்த தட்டையும் சருகும் எடுத்துத் தூர் சுத்தம் செய்தீர்களா? பாதிக் காட்டில். உங்கள் தோட்டம் மேட்டிலா, பள்ளத்திலா? பள்ளம். அவர்களுடையது? சரிவு. அங்கே தண்ணீர் நிற்குமா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நிக்காதுய்யா" என்றார். அழுகலை உண்டாக்கும் கிருமி தேங்கிய ஈரத்தில் பரவுகிறது, மழைக்கு முன்னால் இலையிலும் சரத்திலும் செம்பு மருந்து படிந்திருக்க வேண்டும், வடிகால் வேண்டும். ஏலக்காய்க்காரர் எல்லோருக்கும் இது தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அத்தனை பெரிய நஷ்டத்துக்கு இந்தக் காரணம் அவருக்குப் போதவில்லை. அதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது.

தகட்டின் கதை சுருக்கமானது. எதிரிகள் தரப்பில், கூட்டத்துக்குக் குறி சொன்ன கோடாங்கியைச் சாட்சியாகப் போட்டார்கள். உடுக்கையடித்துக் குறி சொல்லும் வயதானவர். வீட்டுக்காரரின் தாத்தா காலத்தில் வைத்த தகடு, முழங்கை ஆழம் என்றார். சான்றுப் பொருளை நடுவர் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். உள்ளங்கை அளவு. ஆணியால் கீறிய கட்டங்கள், அவற்றில் எழுத்துகள். ஒரு துளி பச்சைக் களிம்பு இல்லை. ஓரத்தில் கத்தரி வெட்டிய பிசிறு விரலில் குத்தும்படி இருந்தது. மாட்டுமூத்திரம் ஊறும் தொழுவத்து மண்ணில் தலைமுறைக் கணக்காகக் கிடந்த செம்பா இது என்று கேட்டேன். கோடாங்கி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் எடத்தைத்தான் சொன்னேன். தோண்டுனது நான் இல்லீங்க" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்த வழக்கை நான் மறக்காததற்குக் காரணம் தகடு அல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 310இன் கீழ் எதிர்த்தரப்பு போட்ட ஒரு மனு. நடுவர் நேரில் வந்து வீட்டைப் பார்வையிட வேண்டும், பூட்டிய அறையைத் திறக்கச் சொல்ல வேண்டும், உள்ளே மாந்திரீகப் பொருள் இல்லையென்றால் நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம் என்றார்கள். நீதிமன்றத்தில் இருந்த பலருக்கு அது நியாயமாகப் பட்டது. ஒளிக்க ஒன்றுமில்லையென்றால் திறந்து காட்டிவிட வேண்டியதுதானே?

அன்று சாயங்காலம் அந்த அம்மாள் என் அலுவலகத்தில் உட்கார்ந்து அறையில் என்ன இருக்கிறது என்று சொன்னார். சட்டத்துக்கு விரோதமானது ஒன்றும் இல்லை. மந்திரமும் இல்லை. எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடிய ஒரு துயரம். அதற்கு மேல் எழுத மாட்டேன். சாட்சியச் சட்டம் பிரிவு 126, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 132, வழக்கு முடிந்த பிறகும் என் வாயைக் கட்டுகிறது. கட்டாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். "தெறந்து காட்டுனா இவனுக வாயை அடைச்சிரலாம்னு எனக்கும் தெரியும் தம்பி. தெறக்க மாட்டேன். சூனியக்காரின்னு பேரோட செத்துப்போறேன்" என்றார்.

மனுவை எதிர்த்து நான் வாதாடியது என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் நம்பிச் செய்த வாதம். உண்மையைச் சொன்னேன், பொதுநலனுக்காகச் சொன்னேன் என்பது அவதூறுச் சட்டத்தின் முதல் விதிவிலக்கு. அதை நிரூபிக்கும் பாரம் சொன்னவன் மேல். சொன்னவனுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதற்காக, சொல்லப்பட்டவளின் வீட்டைத் தோண்ட நீதிமன்றம் கடப்பாரை எடுத்துக் கொடுக்க முடியாது. பிரிவு 310 ஏற்கனவே வந்த சாட்சியத்தைப் புரிந்துகொள்ள இடத்தைப் பார்ப்பதற்கு, இல்லாத சாட்சியத்தைத் தேடிப் போவதற்கு அல்ல. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது, ஒளிக்க ஒன்றுமில்லாதவர்களுக்காக மட்டும் அல்ல. அன்று ராத்திரி கூட்டம் கேட்டதும் இதே அறையைத்தான். இப்போது மனு எழுதிக் கேட்கிறார்கள்.

மனு தள்ளுபடி ஆனது. அதன் பிறகு வழக்கில் சூடு இல்லை. இரண்டு எதிரிகளும் சமரசத்துக்கு வந்தார்கள். அந்த அம்மாள் பணம் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை வைத்தார்: நீதிமன்றத்தில் மன்னிப்பு மெமோ கொடுக்க வேண்டும், அந்த இளைஞர் அதே குரலில் அதே குழுக்களில் சொன்னது பொய் என்று பேசி அனுப்ப வேண்டும். அனுப்பினார். முதல் பதிவு எத்தனையோ போன்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாவதை யாரும் முன்னனுப்பியதாகத் தெரியவில்லை. தோட்டக்காரர் வராந்தாவில் அந்த அம்மாள் காலில் விழப் போனார், அவர் தடுத்துவிட்டார்.

தமிழ்நாட்டில் ஒருவரைச் சூனியக்காரர் என்று முத்திரை குத்துவதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. கல் விழுந்தால் ஒரு பிரிவு, ஓடு உடைந்தால் ஒரு பிரிவு. முத்திரைக்கு அவதூறு மட்டும். அதையும் பாதிக்கப்பட்டவர் சொந்தச் செலவில், வாய்தா வாய்தாவாக நடத்த வேண்டும். பீகாரில் 1999 முதல் ஒரு பெண்ணை டாயன், அதாவது சூனியக்காரி, என்று அடையாளம் காட்டுவதே குற்றம். மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட 2013இல் மகாராஷ்டிரம் கொண்டுவந்த சட்டத்தின் அட்டவணையில், ஒருவர் மந்திரத்தால் மாட்டின் பாலை வற்றச் செய்கிறார் என்று பரப்புவதுகூட இடம்பெற்றிருக்கிறது. மாட்டுப் பால் என்று எழுதிய இடத்தில் ஏலக்காய் என்று எழுதினால் அது என் வழக்கு. கேரளத்தில் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019இல் வரைவு கொடுத்தது. 2022இல் இலந்தூரில் இரண்டு பெண்களைப் பலி கொடுத்ததாக வழக்கு வந்தபோது, அதில் ஒருவர் நம் தருமபுரிக்காரர், நாடே பதறியது. ஆனாலும் சட்டம் வரவில்லை. கொண்டுவருவதில்லை என்று அரசு 2025இல் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. மோசடி மாந்திரீகர்களைத் தண்டிப்பது பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மந்திரமே தெரியாமல் அந்தப் பெயரைச் சுமப்பவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தனிச் சட்டம் தமிழ்நாட்டுக்கு வேண்டும், அதில் முத்திரை குத்துவதே முதல் குற்றமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

அது வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துகிறேன். இப்படிப்பட்ட பேச்சைக் காட்டிக்கொண்டு யார் வந்தாலும் அவதூறைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அமைதிக் காப்புப் பிணை கேட்டு முதலில் மனு எழுதுகிறேன். பழைய 107, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126. எதிர்மனுதாரர்களின் பெயர், குரல்பதிவு, தேதி, குறி கேட்கப் போனார்கள் என்றால் அந்த விவரம், எல்லாம் அதில் இருக்கும். ஜூனியர்களிடம் தட்டச்சு செய்யக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்வேன்: கட்சிக்காரர் வீட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மனுவில் ஒரு வரிகூட எழுதக் கூடாது.